இன்றைக்கு வேண்டாம்

தும்மினேன், விலா எலும்பு முறிந்தது.
சிரித்துக்கொண்டேதான் டாக்டரிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.

வார்டோ தீவின் நண்டுத் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருஷம்
கால்களைக் கணுவோடு முறித்து
எடைபோட்டு அடுக்கியவள் நான்.
எந்த இடத்தில் எந்தச் சத்தம் வருமென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
எனக்குள்ளே கேட்டது அந்த ஜாதிச் சத்தமில்லை.
ஈர அட்டைப்பெட்டி மடிகிற சத்தம்.

நவம்பர் கடைசி.
சூரியன் கணக்கு முடித்துக்கொண்டு போன வாரம்.
கிர்கெனஸ் ஆஸ்பத்திரிக்குக் கப்பலில்
வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்தேன்.
நரம்பு தேட வசதியாகச்
சட்டைக் கையைச் சுருட்டியும் வைத்திருந்தேன்.

நர்ஸ் ஸ்வேரே காகிதத்தைப் பார்த்தான்.
இன்னொரு தரமும் பார்த்தான்.
"இன்றைக்கு வேண்டாம்."

சிறுநீரகம் பரவாயில்லையாம்.
வைட்டமின் டி தரைதட்டிக் கிடக்கிறதாம்,
கால்சியமும் கீழே.
"இந்த மருந்து எலும்பின் கதவைச் சாத்திவிடும்.
ரத்தத்துக்கு அப்புறம் அங்கே கைமாற்று கிடைக்காது.
உதடு மரக்கும், விரல் இழுக்கும்,
இதயம்கூடத் தாளம் தப்பலாம்.
அப்புறம் அந்தக் கடைவாய்ப் பல்.
பிடுங்குவதென்றால் முன்னாலேயே பிடுங்கிவிடுங்கள்.
பின்னால் பிடுங்கினால்
அபூர்வமாகச் சிலருக்குத் தாடை ஆறுவதில்லை."

கத்தினேன்.
டிக்கெட் காசு, ஒரு நாள் கூலி,
படுத்தால் குத்துகிற விலா,
எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன்.
அவன் காபி ஊற்றி என் பக்கம் நகர்த்தினான்,
திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான்.
மருந்து பாட்டிலை மட்டும் எடுக்கவில்லை.

திரும்பும் கப்பலில் நண்டை நினைத்தேன்.
ஓடு மாற்றும் முன்
பழைய ஓட்டிலிருந்து சுண்ணாம்பைக்
கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அது.
வெறுங்கையோடு வெளியே வருவதில்லை.

பத்து வாரம் சொட்டுமருந்து.
மீனெண்ணெய் வாசனையோடு ஏப்பம்.
பல் டாக்டர் ஐலி பிடுங்கிய பல்லைப்
பஞ்சில் சுற்றிக் கொடுத்தாள், ஏனென்று தெரியவில்லை.
கோட்டுப் பையில் போட்டேன்.
ஈறு மூடட்டும் என்றாள், மூடியது.

பிப்ரவரி.
முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர், அவன் கண்முன்னால்.
பிறகு ஊசி.
தொங்கியது நூறு மில்லி, கண்ணாடி மாதிரி.
இவ்வளவுதானா என்று இருந்தது.
கால்மணிக்குக் குறையாமல் இறங்க வேண்டும்,
வேகமாக விட்டால் சிறுநீரகம் தாங்காது என்று
ஸ்வேரே கடிகாரத்தோடு நின்றான்.

பக்கத்து நாற்காலியில் ஹால்வார்,
வாத்வாங்கு மீன்பிடிப் படகுக்காரர்.
புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் போட்ட ஊசி
எலும்பை அரித்துவிட்டதாம்.
"இது பெண்களுக்கு வருவதென்றல்லவா நினைத்தேன்"
என்று குறுக்கெழுத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னார்.
ஐந்தெழுத்தில் கடற்பறவை ஒன்று கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு காய்ச்சல்.
உடம்பின் இருநூற்றாறு எலும்பும்
ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து
"உள்ளேன்" என்றது.
சில பேரை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை.
வரும் என்று அவன் சொல்லியிருந்தான்,
அதனால் பயம் வரவில்லை, வலி மட்டும் வந்தது.
பாரசிட்டமால், தண்ணீர், மறுபடி தண்ணீர்.

மூன்றாம் நாள் இறங்கிவிட்டது.
அடுத்த ஊசி அடுத்த பிப்ரவரிக்கு.
நடுவில் தொடையில் புதிதாக வலித்தால்
பொறுத்துக்கொள்ளாமல் போன் செய்யச் சொன்னான்.
பொறுத்துக்கொள்ளாமல் என்பதை இருமுறை சொன்னான்,
என்னைக் கொஞ்சம் தெரிந்துகொண்டான் போல.

துறையில் பனிக்கட்டி.
பூட்சுக்கு ஆணிப்பட்டை மாட்டி
வாத்து போல நடந்தேன்.
பையில் பல் விரலுக்குத் தட்டுப்பட்டது.
கப்பல் ஊதியது, கூடவே எனக்குத் தும்மல்.
கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
ஒரே வாரத்தில் சுவர் எழும்பாது, தெரியும்.
இருந்தாலும்
தும்மி முடித்துவிட்டுக்
காது கொடுத்துக் கேட்டேன்.