ஒரு படி பின்னால்

குராமின் கையிலுள்ள கோப்பையை அழிக்கப் போகும்போதுதான்
மென்பொருள் செத்துப்போகிறது.
காலையிலிருந்து நான்கு முறை.
கழுத்துப்பட்டையை நேராக்கினேன், பொறுத்துக்கொண்டது.
தோளில் கைபோட்டு நின்ற மச்சானை வெட்டியெடுத்தேன்,
அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பை விளிம்பில் தூரிகை பட்டதும்
திரை வெளுத்து
‘எதிர்பாராத பிழை’ என்று ஒரு பெட்டி.
நாலாவது முறையும் எதிர்பார்க்கவில்லையாம்.

ஸெஸ்டபோனியில்
கல்லறைக் கல்லில் முகம் பொறிக்கிற பட்டறை இது.
தகரத் தடுப்புக்கு அப்பால் முர்தாஸ் கருங்கல் அறுக்கிறார்.
இப்பால் நானும்
பதின்மூன்று வயதான இந்தக் கணினியும்.
கல்யாண வீட்டுப் படத்திலிருந்தோ
ஓட்டுநர் உரிமத்திலிருந்தோ ஆளைப் பிரித்து
சாம்பல் நிறமாக்கி ஊசி இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும்.
ஊசிக்கு நிறம் தெரியாது.
புள்ளி வைக்கத் தெரியும், வைக்காமல் விடத் தெரியும்.

தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தேன்.
பதினோரு கிகாபைட்.
போன வருடம் அடக்கமானவர்கள் எல்லோரும்
பாதி திருத்திய முகத்தோடு அதில் இருந்தார்கள்.
எழுத்துருக்கள் மேல் சந்தேகம் வந்தது.
முந்நூறில் இரண்டை விட்டுவைத்தேன்:
பெயருக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று.
வரைகலை முடுக்கத்தை நிறுத்தினேன்.
திபிலீசியிலிருந்து அக்கா மகன் லாஷா
“புதுசு வாங்கு சித்தி” என்றான்.
அது யோசனை இல்லை, வசவு.

பின்னோக்கிப் போகும் படிகள்: ஐம்பது
என்றிருந்ததை ஒன்றாக்கினேன்.
செய்த ஐம்பதையும் ஞாபகம் வைத்திருந்தால்
யாருக்குத்தான் மூச்சு முட்டாது.

மறுபடி திறந்தேன். மறுபடி செத்தது.

மதியம் திருப்புளி எடுத்து வயிற்றைப் பிளந்தேன்.
உள்ளே கல் மாவு.
விசிறியின் இதழ்களில், ஓரங்களில், கம்பிகளுக்கடியில்,
முகம் வருவதற்காகக் கல்லிலிருந்து கொத்தியெடுத்ததெல்லாம்
இங்கே வந்து குடியிருக்கிறது.
முர்தாஸின் காற்றுக் குழாயால் ஊதினேன்.
முற்றத்தில் கிடந்த நாய் இரண்டு தரம் தும்மி
எழுந்து போயிற்று.
நினைவகப் பட்டைகள் இரண்டையும் கழற்றி
அவற்றின் தங்கப் பல்லைப்
பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்தேன்.
முதல் பட்டையை மட்டும் மாட்டினேன்: ஐந்தாவது சாவு.
அடுத்ததை மாட்டினேன்.
தூரிகை கோப்பை விளிம்பைத் தொட்டது,
ஒரு நொடி, இரண்டு நொடி,
மணல் கடிகாரம் புரண்டு படுத்தது,
கோப்பை கரைந்தது.

ஞாபகத்தில் பாதி போய்விட்டது, ஆனால் வேலை செய்கிறது.

மூன்று மணிக்கு சியாலா வந்தாள், மடியில் வால்நட் பையோடு.
கோப்பை வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான்.
இருபது வருடம் சொல்லிப் பார்த்தேன், இனியாவது கீழே வைக்கட்டும்.
திரைக்குக் கிட்டே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
“என்னத்தைப் பிடித்திருக்கிறார்?”
வளைந்த விரல்கள். நடுவே ஒன்றுமில்லை.
“பல்பு மாட்டுகிற மாதிரி இருக்கிறது” என்றாள்.
“வீட்டில் ஒரு பல்பு மாட்டியதில்லை இந்த மனுஷன்.”
சிரிப்பு வந்து, கைக்குட்டையைத் தேடி,
வால்நட் நாலு உருண்டு மேசைக்கடியில் போயிற்று.
“கொடுத்துவிடு. கோப்பையைக் கொடுத்துவிடு.”

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினேன்.
ஒரு படி.
கண்ணாடி விளிம்பில் அரிசி மணி அளவு மினுக்கம் திரும்பி வந்தது.
மறுபடி அழுத்தினேன்.
இந்த முறை சாகவில்லை.
உயிரோடு இருந்துகொண்டே மறுத்தது.

மூலப் படத்தை முதலிலிருந்து திறக்க வேண்டும்.
மச்சானை மறுபடி வெட்ட வேண்டும், பட்டையை நேராக்க வேண்டும்.
சியாலா அவசரமில்லை என்று சொல்லி
யாருடைய பெயரும் ஏறாத கல்லின் மேல் உட்கார்ந்து
வால்நட் உடைக்கிறாள்.
அப்பால் ரம்பம் ஓடத் தொடங்கியதும்
திரை வெளிச்சம் ஒருமுறை இறங்கி ஏறுகிறது.

படம் மேலிருந்து கீழாக வருகிறது. நெற்றி வரைக்கும்தான் வந்திருக்கிறது.
அதற்குள் அமைப்புகளுக்குப் போய்
ஒன்றை அழித்து ஐந்து என்று போட்டேன்.
அதற்கு மேல் இது தாங்காது.