நாற்பது பக்கம், நாலு நொடி

இம்பீரியல் சாலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டி.வி. ரிப்பேர் கடைக்குள்
ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
திரை எங்களுடையதில்லை.
நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தது,
காலையில் எடுத்துப்போவார்கள்.
நடுவே ஒரு பச்சைக்கோடு மட்டும் இன்னும் போகவில்லை.
"ஓட விட்டுத்தானே பாக்கணும்" என்கிறார் ஆரோக்கியதாஸ்.
எட்டு எபிசோடு ஓட விட்டு.

ஏழு புத்தகங்கள்.
நான் மூன்றாவதில் ஏறியவன்.
முதலிரண்டும் நூலகத்திலிருந்து யாரோடோ போய்த்
திரும்பி வரவில்லை.
அதனால் எனக்கு அந்தக் கப்பல்
எங்கிருந்தும் புறப்பட்டதில்லை,
எப்போதும் நடுவழி.

"சின்ன நிலா துருநிறம்னு எழுதியிருக்கு,
இதென்ன, ஆரஞ்சு மிட்டாய்?"
கனியமுதன் ஆரம்பித்துவிட்டார்.
எல்.ஐ.சி. பையில் ஏழையும் கொண்டுவந்திருக்கிறார்,
பக்கத்துக்குப் பக்கம் பிரீமியம் ரசீது அடையாளம்.
"கடலே இல்லாத கோளுக்கு
அலைச்சத்தம் எதுக்குய்யா?"
"அண்ணே, அது வெளிய மழை."
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.

கோளின் காற்றைப் பற்றி ஒரு வரி வரும்:
அழுகிய பழத்தோடு நகப்பூச்சு கலந்த வாடை.
படித்தபோது நாங்கள் ஒருமனதாய் முடிவுகட்டினோம்,
எழுதியவர் ஒருமுறையாவது
சிப்காட் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறார்.
திரையில் வாடை இல்லை.
எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு
அழகாய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு அந்த இடம் வந்தது.

புத்தகத்தில் அது நாற்பது பக்கம்.
ஒன்றும் நடக்காது.
அகவனின் பக்கத்தில் எயினி உட்கார்ந்திருப்பாள்,
காற்றுக்குழாயைக் கையில் பிடித்தபடி,
சுவரில் உள்ள திருகாணிகளை எண்ணிக்கொண்டு.
நூற்றுப் பதினேழு. மறுபடி ஒன்று.
வானொலி பேசாது. நாற்பது பக்கம்.

திரையில்:
கை, குழாய், மூடிய கண். வெட்டு.
அடுத்த காட்சியில் துப்பாக்கி.

"நாலு நொடி!" கனியமுதன் எழுந்ததில் ஸ்டூல் விழுந்தது.
"நாலே நொடிய்யா! நூத்திப் பதினேழு ஆணி எங்க?"
ஆரோக்கியதாஸ் சத்தத்தை நிறுத்தினார்.
நானும் ஏதோ கத்தினேன்,
என்னவென்று இப்போது நினைவில்லை.
ஒரு வரிகூடப் படித்திராத பையன் சஞ்சீவி
சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு,
"செத்துட்டாரா?" என்றான்.

"செத்துட்டானா?" என்றாள் ஜுலைகாவும்.

மூன்றாம் புத்தகத்தை
எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்.
தலைப்பைக்கூடத் திருத்துவாள்.

"ஜிப்மர்ல படிச்சிட்டிருந்தேன், தம்பி உள்ள இருந்தான்.
முப்பத்தெட்டாம் பக்கத்துல கூப்பிட்டாங்க.
அப்புறம் அந்த ரெண்டு பக்கம்
படிக்கவே இல்ல."

"நாலாவதுல அகவனைக் காணோமே, என்ன நெனச்சீங்க?"

"வேற கப்பல்ல மாறிப் போயிருப்பான்னு."

மழை ஷட்டரை மூன்று தடவை தட்டியது.
ஐந்தாம் புத்தகம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
அவனை எங்கே புதைத்தார்கள் என்று
தெளிவாக இருக்கிறது.
எனக்குத் தெரியும்.
கனியமுதனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.
அவர் பையைத் திறந்தார்.
கை உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"அப்படியும் படிக்கலாம்" என்றார்,
முற்றுப்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்.
"மூலத்துல தெளிவா இல்ல.
இது டி.வி.காரன் பண்ண வேலை."

பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றினார் ஆரோக்கியதாஸ்,
ஐந்து கப்புக்கு நாலு கப் டீ.
ஜுலைகா துப்பட்டா நுனியால்
திரையின் தூசியைத் துடைத்தாள்,
பச்சைக்கோட்டையும் சேர்த்து அழுத்தி.
அது போகவில்லை.

"அடுத்ததைப் போடவா?" என்றான் சஞ்சீவி.

போட்டான்.
நிலா இன்னும் ஆரஞ்சு மிட்டாய்தான்.
கனியமுதன் வாயைத் திறப்பதற்குள்
ஜுலைகா சொன்னாள்:
"துருநிறம்னுதானே எழுதியிருக்கு."

நாங்கள் நாற்காலிகளை இன்னும் கொஞ்சம்
முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டோம்.