போத்தல் 212

ஓரா. நீளம் பதினொரு சென்ரிமீற்றர்.
செட்டை ஒன்று ஒடிந்திருக்கிறது.
நிறமெல்லாம் ஸ்பிரிட்டில் கரைந்து
வெட்டிப்போட்ட நகம்போல் கிடக்கிறது.

கல்லடி, கல்லூரியின் பின்கட்டிடம்.
கரண்ட் போகுமுன் இருபது போத்தலாவது ஏற்றவேண்டும்.

சிட்டையில் பென்சில் எழுத்து:
"மண்முனைத் துறை. தோணி கட்டும் மருதுக்குக் கிழக்கே,
கூப்பிடு தூரம்."
கணினி மீற்றரில் கேட்கிறது.
யார் கூப்பிட்டது, காற்று எந்தப் பக்கமென்று
எனக்கெப்படித் தெரியும்?
துறையில் இப்போது பாலம். மருதும் இல்லை.
பாலத்தின் நடுவே ஒரு புள்ளி வைத்து
பிழை ஆரம் முந்நூறு என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

எடுத்தவர்: வி. அருமைநாயகம்.
திகதி: 17.02.1991.
கட்டம் சிவந்தது.

சேகரித்தோர் பட்டியலை நான்தான் போன மாதம் ஏற்றினேன்.
அருமைநாயகம், விலங்கியல் ஆசிரியர்.
இறப்பு: 1990 செப்ரெம்பர்.
அத்தாட்சிப் பத்திரத்தின் நகல் கோப்பில் இருக்கிறது,
பெண்சாதி பதினாறு வருசம் கழித்து ஒப்பமிட்டு எடுத்தது.
பக்கத்துத் தாளில் "காணாமற்போனவர்" என்ற சொல்லின்மேல்
யாரோ அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்திருக்கிறார்கள்.

இறந்தவர் ஐந்து மாதம் கழித்து மீன் பிடிக்கமாட்டார்
என்கிறது மென்பொருள். அதன் வேலை அது.
இரண்டில் ஒன்றைத் திருத்து என்கிறது.

213உம் அப்படி. 214உம்.
1993 மாசிவரை முப்பத்தொரு போத்தல்.
எல்லாம் அவர் பேர், அவர் எழுத்து மாதிரித்தான்.
கிழக்கே என்பதில் வரும் ழகரத்தின் வால் மட்டும்
மெல்ல மெல்ல
வேறொரு கைக்குத் திரும்பிக்கொண்டே போகிறது.

ஸ்பிரிட் ஊற்ற வந்த தம்பிப்போடி அண்ணருக்குத்
திரையைக் காட்டினேன்.
கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
சிவப்பைப் பார்த்தாரா, பேரைப் பார்த்தாரா.
"பெர்மிற் அவர்ட பேர்லதானே பிள்ள இருந்த."
மறுகா ஒன்றும் பேசவில்லை.
212இன் மூடியைத் திருகித் திறந்து
கழுத்துவரை நிரப்பினார்.
ஒரு துளி மேசையில் விழவில்லை.

பேரை நான் மாற்றவில்லை.
திகதியையும். இறப்பையும்.
குறிப்பு என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு.
ஐந்நூறு எழுத்துக் கொள்ளும், யாரும் தேடுவதில்லை.
அதில் அடித்தேன்:
கையெழுத்து வேறு. மீன் சரி.

சேமித்தேன். சிவப்பு அப்படியே நின்றது.

213. கெளிறு.
எடுக்கக் கைவிட்டேன்.
முள் இன்னும் குத்துகிறது.