ஒன்பதாம் கூண்டின் கடிகாரம்

ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு நேரங்கள்:
நேர்ந்த நேரம், சேர்ந்த நேரம்.
முதலாவதைக் கருவி எழுதும்,
கூண்டுக்குள், எட்டு மீட்டர் ஆழத்தில்,
சால்மன் மீன்கள் உரசிப் போகும் இடத்தில்.
இரண்டாவதை நான் எழுதுவேன்,
புவேர்த்தோ மோன்ட்டில், நான்காவது மாடியில்,
ஆறிப்போன காபிக்குப் பக்கத்தில்.

நடுவில் சிலியின் தெற்கு முழுக்கக் கிடக்கிறது.
மழை, மலை, மறுபடி மழை,
டீசல் தீர்ந்துபோன சிக்னல் கோபுரம்.
இரண்டு ஐம்பதின் ஆக்சிஜன்
இரண்டு ஐம்பத்தொன்றுக்குப் பின்னால் வரும்.
சில நாள் விடிந்த பிறகு வரும்,
தன் நேரத்தைச் சட்டைப்பையில்
நனையாமல் வைத்துக்கொண்டு.

எவ்வளவு காத்திருப்பது என்று கேட்டார்கள்.
ஐந்து நிமிடம், என்றேன்.
கையில் ஐந்து விரல்; வேறு காரணம் இல்லை.
வந்ததிலேயே முன்னால் நிற்கும் நேரத்தைப் பார்,
ஐந்தைக் கழி,
அங்கே ஒரு கோடு போடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம்
எல்லோரும் வந்தாயிற்று என்று பொருள்.
பந்தி முடிந்தது. கூட்டிச் சொல், இலையை எடு.

துறைத் தூணில் கடல் விட்டுப்போகும் ஈரக்கோடு
ஏறும், இறங்கும்.
என்னுடையது ஏறும். ஏறினால் இறங்காது.
இதை நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரியில், காற்றே இல்லாத ஒரு வாரம்.
மாலை ஏழு மணிக்கு எலியசெர் லெப்பியோ
ஒன்பதாம் கூண்டில் பேட்டரி மாற்றினார்.
சுத்தமான வேலை. ஒரு திருகாணி மிச்சமில்லை.
கருவி கண்விழித்தது,
தன் கடிகாரத்தைப் பார்த்தது,
பார்த்ததை எழுதி அனுப்பியது:
ஆக்சிஜன் ஏழு. நேரம், நாளை பகல் ஒன்று இருபது.

என் நிரல் நம்பியது.
கோடு ஒரே தாவலில் நாளைக்குப் போய் நின்றது.

அதன்பின் வந்த எல்லோரும் தாமதம்.
பதினைந்து கூண்டுகள், நிமிடம் தவறாமல்,
அந்த இரவின் எண்களைத் தூக்கிக்கொண்டு வந்தன.
ஐந்து புள்ளி எட்டு: தாமதம்.
ஐந்து: தாமதம்.
நான்கு புள்ளி ஒன்று: தாமதம்.
மூன்று.
தாமதம்.

ஒன்பது மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
நீரோட்டம் நேராகப் பாயும் முனைக் கூண்டு அது,
அதற்கு மூச்சு முட்டவில்லை.
ஏழு, என்றது நாளையிலிருந்து. ஏழு. ஏழு.
திரை பச்சையாக இருந்தது.
நான் ஒரு ஆரஞ்சு உரித்துத் தின்றேன்.

மூன்று நாற்பதுக்கு வயர்லெஸ் கரகரத்தது.
"இன்ஜினியர், மீனெல்லாம் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.
உங்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லையா?"
டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு
அவரே காற்றுக் குழாய்களைத் திறந்திருந்தார்.
பதினோரு கூண்டுகள் பிழைத்தன.
நான்கு இல்லை.

தாமதமானதை எறியாதே, ஓரமாக வை என்று
ரோமினா அகுவாயோ சண்டை போட்டு
வைக்கச் சொன்ன கோப்பு ஒன்று உண்டு.
காலையில் திறந்தேன்.
ஏழாயிரத்து எண்ணூறு அளவுகள்,
ஒவ்வொன்றும் தன் நேர்ந்த நேரத்தோடு.
ஒன்றுகூடத் தாமதிக்கவில்லை.
கோடுதான் முந்திவிட்டது.

ஒன்பதை விலக்கிவிட்டு
இரவை மறுபடி ஓட்டினேன்.
இரண்டாம் முறை ஓடிய இரவில்
சரியாக மணி அடித்தது.
நேர்ந்த நேரம்: ஒன்று பன்னிரண்டு.
சேர்ந்த நேரம்: காலை ஒன்பது நான்கு.

இப்போது எந்தக் கடிகாரமும் தனியாகக்
கோட்டை இழுத்துப் போக முடியாது.
எதிர்காலத்திலிருந்து வருகிறவர்
வாசலில் நிற்க வேண்டும்.
மிக மெதுவானவருக்காகவும் கொஞ்சம் நிற்கிறோம்;
எவ்வளவு என்பதில் இன்னும் தகராறு.

மதியம் எலியசெர் மறுபடி கூப்பிட்டார்.
செத்த மீன்களுக்குப் படிவம் நிரப்புகிறாராம்,
எந்த நேரம் போடுவது என்று கேட்டார்.
இரண்டையும் எழுதுங்கள், என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு, "இதில் ஒரு கட்டம்தான் இருக்கிறது," என்றார்.