குறைகடத்தி

எளாவூர் சோதனைச்சாவடியில் கம்பெனிப் பேருந்தை நிறுத்தி
ஏறுவார் ஏட்டு தணிகாசலம்.
சீட்டுக்கு அடியில் லத்தியால் தட்டுவார்,
ரேஷன் அரிசி மூட்டை ஏதும் ஆந்திராவுக்குப் போகிறதா என்று.
"அங்க என்னம்மா செய்றீங்க ராத்திரியெல்லாம்?"
குறைகடத்தி, என்றேன் ஒரு நாள்.
"கொஞ்சமாக் கடத்தினாலும் கேஸ்தான்."
பேருந்தே சிரித்தது.
ஹிமபிந்துவுக்குத் தெலுங்கில் சொல்லப் போனேன்,
பாதியிலேயே செத்துவிட்டது சிரிப்பு.

அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை.
செம்பு எல்லாரையும் விடும்.
கண்ணாடி யாரையும் விடாது.
சிலிக்கன் தணிகாசலம் மாதிரி:
மேலிடத்து உத்தரவு வந்தால்
தடுப்புக் கம்பம் தூக்கும்.

தடாவைத் தாண்டி எங்கள் ஆலை.
பக்கத்து அறையில் மஞ்சள் விளக்கு,
வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் பூச்சின் மேல்
ஒளியால் கோலம் போடுகிறார்கள்.
நான் உலைப் பிரிவு.
இருபத்தைந்து வேஃபரைக் குவார்ட்ஸ் படகில் நிறுத்தி
தொள்ளாயிரம் டிகிரிக்குள் தள்ளுவேன்.
படகு என்றுதான் பெயர். ஏரியில் விட்டால் மூழ்கும்.
வெளியே வரும்போது ஒவ்வொன்றின் மேலும்
ஒரு கண்ணாடித் தோல்,
தலைமுடியை ஆயிரமாய்ப் பிளந்தால் வரும் கனம்.
அதுதான் வாசல். அதுதான் சாவடி.

பத்து லட்சம் சிலிக்கனுக்கு
ஒரு பாஸ்பரஸ் அணுவை நாங்களே கூப்பிட்டுக் குடிவைப்போம்.
அழைத்து வந்தது மாசு ஆகாது.
அழையாமல் வந்தது
ஒன்றே ஒன்றானாலும் மாசு.

மே மாதம், ஷிப்டுக்கு முன்னால் பேருந்து நின்றுவிட்டது.
இரண்டு கிலோமீட்டர் நடந்தோம்,
பழவேற்காட்டு ஏரிக்காற்று முகத்தில் உப்பு பூச.
தாமதம். ரமணய்யா மணி பார்த்துக்கொண்டிருந்தார்.
முழங்கை வரை கழுவ வேண்டும், கழுவவில்லை.
வெள்ளை உடையில் நுழைந்து
கையுறையை இழுத்தேன்.
மணிக்கட்டில் ஒரு விரற்கடை திறந்தே கிடந்தது.

மூன்று வாரம் கழித்து விளைச்சல் அறிக்கை.
விளைச்சல் என்றுதான் சொல்வார்கள்,
எங்கள் அப்பா வேர்க்கடலைக்குச் சொன்ன அதே வார்த்தை.
அந்தப் படகில் பன்னிரண்டு வேஃபர் பதர்.
குளிராக இருந்தவரை எல்லாச் சில்லும் ஒழுங்காய் நடந்தது.
சூடேற்றி மின்னழுத்தம் கொடுத்ததும்
கண்ணாடித் தோலுக்குள் ஏதோ நகர்ந்தது,
உத்தரவில்லாமல் கம்பம் தூக்கிக்கொண்டது.

சோடியம், என்றாள் ஹிமபிந்து, மேசையில் வரைபடத்தை விரித்து.
மூலம்?
யாரும் பேசவில்லை.
குழாய்த் தண்ணீராக இருக்கலாம், என்றார் ரமணய்யா.
இருக்கலாம், என்றேன் நானும்.
"மூலம் தெரியவில்லை" என்று எழுதி
எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

விடியற்காலை, திரும்பும் வழியில்
எளாவூரில் தணிகாசலம் ஏறினார்.
இந்தப் பக்கம் வரும் வண்டியில் சாராயம்தான் தேடுவார்கள்.
"பையில என்னம்மா?"
டிபன் பாக்ஸ், சார். காலி.
தலையாட்டி இறங்கினார்.

கவரைப்பேட்டை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன் மணிக்கட்டை.
பிறகு, யாரும் பார்க்காதபோது
நாக்கால் தொட்டேன்.
கரித்தது.