தாண்டிய கேள்வி

வால்டிவியாவில் மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை.
என் சக்கரங்கள் இழுத்துவந்த சேற்றைப் பார்த்தபடி
படிவத்தை நிரப்பினாள் செவிலி.

புகைப்பதுண்டா? எப்போதாவது.
மது? சனிக்கிழமை பியர்.
ஒவ்வாமை? ரப்பர்.
சட்டென்று கையுறையை மாற்றிக்கொண்டாள், நல்லவள்.
அப்புறம் அவள் பேனா
ஈரத் தரையைத் தாண்டுவதுபோல்
ஒரு வரியைத் தாண்டிப்போனது.

தலைகீழாய் வாசிக்கத் தெரியும் எனக்கு.
இருபத்து நான்கு வருடமாய்
மேசைக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறேன்.

"அதைக் கேட்கவில்லையே?"
"எதை?"
சிவந்தது அவள் காது.

மீன் சந்தைக்குப் பின்னால்
கடல்சிங்கங்கள் கத்துகிற கரையில்
எலிசேயோ ஒருநாள் கேட்டான்:
எங்கே தொட்டால் உனக்குத் தெரியும்?

எனக்கே தெரியாது.
அதுவரை என் உடம்பு
அம்மா தூக்கியது, பிசியோ மடக்கியது,
மருத்துவர்கள் ஊசியால் குத்திக் குத்தி
தொப்புளுக்குக் கீழே கோடு போட்டு
'இல்லை' என்று எழுதி மூடியது.

அவன் அவசரப்படவில்லை.
தப்பான இடங்களிலும் தேடினான்.
பிரேக் போட மறந்த நாற்காலி
தானாய் உருண்டு சுவரில் முட்ட
மூச்சுவாங்கச் சிரித்தோம்.
கழுத்து, முழங்கை மடிப்பு,
பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழேயே
விழித்துக் கிடந்தது ஓர் இடம்.
எதுவென்று இங்கே எழுதமாட்டேன்.

"ஆம் என்று போடுங்கள்."
பேனாவைத் தேடினாள். கையிலேயே இருந்தது.

"ரப்பர் ஒவ்வாமை என்றேனே,
அது கையுறைக்கு மட்டுமில்லை.
வேறு உறை எங்கே கிடைக்கும்,
அதையும் சொல்லுங்கள்."