கோரம்

கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்,
நாவல்முறிப்புப் பிரதேச சபையில்.
டவுன் முடிந்து, வயல் தொடங்குவோமா என்று யோசிக்கிற இடத்தில்
எங்கள் எல்லைப் பலகை.
அதில் அவர் பெயரை மூன்று தரம் எழுதி
இரண்டு தரம் அழித்தார்கள்.
மூன்றாம் தரம் பெயின்ரருக்கு எழுத்தின் அளவு பாடம்.

தருமகுலசிங்கம். சேர்மன்.
தவிசாளர் என்பது கடிதத் தலைப்பில் மட்டும்.

முதற் கூட்டத்தில் கேட்டார்:
எத்தனை மதகு? எத்தனை உடைவு?
ஏழு என்றேன், ஏழு என்றேன்.
சிரித்தது அவர் ஒருவர்தான்.

கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டம் என்று தீர்மானம்.
அடுத்த கிழமை பிடிபட்டது அவருடைய சிவலை.
தண்டத்தைக் கட்டினார்.
பிறகு, பட்டி காவற்காரனை இடம் மாற்றினார்.
இரண்டும் குறிப்பில் இருக்கிறது.

சந்தைக் குத்தகை அவருடைய மச்சானுக்குப் போனது.
ஏகமனதாக என்று எழுதினேன்.
அந்த நேரம் வெற்றிலை துப்ப வெளியே எழும்பிப் போன
இரண்டு உறுப்பினரை எழுதவில்லை.

மயானப் பாதைக்குக் கிரவல்
ஒவ்வொரு பாதீட்டிலும் ஒதுக்கினோம்.
ஒவ்வொரு மாரியிலும் பாடை காவினவர்கள்
முழங்கால் சேற்றில் நின்று
அவருடைய தாயை இழுத்துத் திட்டினார்கள்.
அந்தத் தாயும் அதே சேற்றால்தான் போனா.
அன்றைக்குச் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார்,
ஒருவர் முகத்தையும் பார்க்காமல்.

பதவிக்காலம் முடிந்ததாம்.
சொல்ல வேண்டிய கடிதம்
ஓமந்தைக்கு அங்காலே நின்றுவிட்டது.
சனத்துக்கு அது தெரியாது, தெரிந்தாலும்
மதகு உடைந்தால் வேறு யாரிடம் போவது?

பிறகு நாங்களும் சபையும் இடம்பெயர்ந்தோம்.
ரப்பர் முத்திரை ஒரு சோப்புப் பெட்டிக்குள்,
குறிப்புப் புத்தகம் என் சட்டைகளுக்கு நடுவில்.
தருமபுரம். விசுவமடு. பிறகு
பெயர் கேட்க நேரமில்லாத ஒரு தென்னந்தோப்பு.
தறப்பாளுக்குக் கீழே குந்தியிருந்து கேட்பார்:
"கோரம் இருக்கோ, பிள்ளை?"
ஒன்பதில் ஐந்து வேண்டும்.
நாலு பேர்.
அடுத்த தரம் இரண்டு.
கோரம் இல்லை என்று எழுதித் திகதி போட்டேன்.
இன்றைக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள்
அந்தச் சொல்லில் ஒருகணம் தடக்கி,
பிழையாக வாசிக்கிறார்கள்.
அதுவும் பிழையில்லை.

முகாமில் வரிசை.
தான் தான்தான் என்பதற்கு ஒரு கடிதம் கேட்டு
ஆட்கள் வெயிலில் நின்றார்கள்.
முத்திரையில் மை இல்லை.
வாயால் ஊதி ஊதிக் குத்தினார்.
மங்கலாக ஒரு வட்டம் விழுந்தது.
சிலருக்கு அது செல்லுபடியானது.
சிலர் திரும்பி வந்து மறுபடியும் வரிசையில் நின்றார்கள்.

திரும்பி ஊருக்கு வந்தோம். தேர்தலும் வந்தது.
வென்றார். பவுசர் ஒன்று வாங்கினார்,
பொதுக் கழிவறைக்குத் தன் பெயரில் கல்வெட்டு வைத்தார்
(வேண்டாம் என்றேன்; கேட்கவில்லை).
அதற்கு அடுத்த தேர்தலில்
துவாரகன் என்ற பொடியன், பிரசாரம் முழுக்க
மயானப் பாதையைப் படம் எடுத்துக் காட்டியே,
ஒன்பது வாக்கால் வென்றான்.

மறுநாள் காலை கவுண்டரில் அவர்.
சேர்மன் கதிரைக்குப் போகும் வாசலைக் கடந்து வந்து
சனத்தோடு நின்றார்.
"என்ரை சோலைவரி நிலுவை எவ்வளவு?"
பத்தொன்பது வருடம்.
கணக்குப் பார்த்துச் சொன்னேன்:
"இடம்பெயர்ந்த வருசங்களுக்கு விலக்கு இருக்கு, சேர்."
"அதுக்கும் போடு."
"கம்பியூட்டர் எடுக்காது."
"கையால எழுது."

எழுதினேன். வருடம், வருடமாக.
வளவு இலக்கம் நாற்பத்தொன்று.
வீடு: இல்லை. ஆட்கள்: என்ற இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
அவர் கண்ணாடிக்கு அங்காலே
காசை மூன்றாம் முறையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

ரசீதை வாங்கி, மடித்து,
மிச்சம் எண்பது ரூபாய்க்காக
நின்றார்.